பத்துப் பாகத்துக்குக் கீழே

"பூமுடியாம்மா, மொட்டையா?" என்று கேட்டார் நாவிதர்.

பெண்கள் வந்து உட்கார்ந்தால் அவர் கேட்கும் வழக்கமான கேள்விதான் அது. நுனியில் மூன்று இடத்தில் கத்தரித்துக்கொண்டு எழுந்துவிடலாம். அதற்குப் பெயர் பூமுடி. பெரும்பாலான பெண்கள் அதோடு முடித்துக்கொள்வார்கள்.

கன்னியம்மா கொண்டையை அவிழ்த்தாள். அறுபதைத் தாண்டியவளுக்கு இடுப்பு வரை முடி. பாதிக்கு மேல் வெள்ளை.

"மொட்ட."

"வேண்டுதல் உங்களுதா?"

"எம்புள்ளையோடது. அவன் வர்ல. அவன் கணக்குல எடு."

நாவிதர் என்னைப் பார்த்தார். நான்தான் அவள் புருஷன், நான் தலையாட்டினால்தான் கத்தி வைப்பார் என்பது போல ஒரு பார்வை. "நான் இல்லப்பா" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தண்ணீரை அள்ளி அவள் தலையில் தேய்க்க ஆரம்பித்தார்.

போன வருட ஆடிக் கிருத்திகை அது. திருத்தணியில் அன்றைக்கு மூச்சு விடவும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒலிபெருக்கிகள் என் கண்ணுக்கு எட்டியவரை ஆறு. ஆறிலும் ஆறு பாட்டு. மண்டபம் முழுக்க ஈர முடியும் சந்தனமும் கலந்த வாசனை. நான் கன்னியம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அம்மையார்குப்பத்துத் தறிக்காரரிடம் என் மனைவி சரோஜா வாங்கிக் கொடுத்த மாற்றுப் புடவை, சந்தனப் பொட்டலம், பதினோரு வாழைப்பழம். செல்போனை மட்டும் அவள் பைக்குள் போட விடவில்லை. கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகும்போதும் அதைக் கையில் பிடித்திருந்தாள்.

பாதித் தலையில் அது ஒலித்தது. நாவிதர் கையை எடுத்துவிட்டார். நானும் குனிந்தேன். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, ரீசார்ஜ் முடியப் போகிறது என்று கொஞ்சலாகச் சொல்லிக்கொண்டே போனது. கன்னியம்மா அதைக் கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

"ம். நீ எடுப்பா" என்றாள் நாவிதரிடம்.

அவளுடைய ஒரே மகன் தணிகைவேல், காசிமேட்டில் சூரை மீன் பிடிக்கும் படகு ஓட்டுகிறவன். கரை திரும்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் குரல் இல்லை. படகும் அதிலிருந்த எட்டுப் பேரும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாத நேரம் அது.

கடலில்லாத ஊரில்

மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் கடலைப் பற்றி எதற்கு எழுதுகிறீர் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் எனக்கு வந்த கடிதங்கள் மூன்று. அது ஒன்று. இன்னொன்று என் எழுத்துப் பிழைகளைச் சுட்டியது. மூன்றாவது உறையில் ஒன்றுமே இல்லை. ஒட்டும் அவசரத்தில் கடிதத்தை வைக்க மறந்திருக்கிறார்கள்.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். கே.ஜி.கண்டிகையில் நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். சென்னையில் விலங்கியல் படித்தேன். அரசாங்கத்தின் மீன் ஆய்வுக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை எண்ணுவதுதான் என் வேலை. எத்தனை தூண்டில் முள் கடலில் இறங்கியது, எத்தனையில் மீன் ஏறியது, என்ன மீன், என்ன நீளம். சூரை மீன்தான் பிரதானம். அதிலும் மஞ்சள் துடுப்புச் சூரை. ஆள் உயரம் வளரும். ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகும்.

அதைப் பிடிப்பது ஆயிரங்கால் தூண்டிலால். பார்வைக்கு எட்டாத நீளத்துக்கு ஒரு தாய்க்கயிறு. வழியெல்லாம் மிதவைகள். இரண்டு மிதவைக்கு நடுவே தாய்க்கயிறு, ஈரத்துணி காயப்போட்ட கொடி போலத் தொய்ந்து தொங்கும். அதிலிருந்து முள்ளும் இரையும். மிதவைக்கும் தாய்க்கயிற்றுக்கும் நடுவே ஒரு கயிறு உண்டு. அதை எவ்வளவு நீளமாக விடுகிறோமோ அவ்வளவு ஆழத்துக்கு முள் இறங்கும். மீனவர்கள் அதைப் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம்.

கப்பலில் அந்தக் கயிற்றை விட்டவர் ஏழுமலை. கன்னியம்மாவின் கணவர். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, என் பேச்சைக் கேட்டு இந்த மலைக்கு வந்து வேண்டிக்கொண்டார். பிறந்தவனுக்குத் தணிகைவேல் என்று பெயர் வைத்தார். வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்குப் பிள்ளையின் முடியைக் கொடுப்பது வேண்டுதல். தங்குவது திருத்தணியில் எங்கள் வீட்டில். ஏழுமலை போன பிறகும் அது நிற்கவில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியும் தணிகை வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த ஒரு வருடம்தான் வரவில்லை.

கிணற்று நீர்

கோடையில் எங்கள் கொல்லைக் கிணற்றில் குதித்தவர்களுக்கு நான் சொல்லப் போவது எளிதில் புரியும். மார்பு வரை தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலை நீட்டினால் கட்டைவிரலில் சுரீரென்று குளிரும். நடுவே ஒரு சாண் உயரத்தில் இரண்டும் மாறிவிடும்.

கடலும் அப்படித்தான். மேலே வெந்நீர்ப் போர்வை, கீழே குளிர். இரண்டும் மாறுகிற மட்டத்தை ஒட்டித்தான் பெரிய சூரை இரை தேடும். அது நிற்காத மீன். நீந்தாமல் நின்றால் செவுளுக்குள் நீர் போகாது, மூச்சு நின்றுவிடும். அதன் ரத்தம் சுற்றியிருக்கும் நீரைவிடச் சூடு. தளத்தில் ஏற்றியதும் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். முதல் தடவை தொட்டபோது நான் கையை இழுத்துக்கொண்டேன். ஏழுமலை சிரித்தார்.

வங்கக் கடலில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த மட்டத்துக்குக் கீழே போகப் போக நீரில் பிராணவாயு குறைந்துவிடும். ஆக, மேலே அதிக வெப்பம், கீழே மூச்சுத் திணறல். நடுவில் ஒரு மாடி. சூரை குடியிருப்பது அந்த மாடியில்.

அந்த மாடி ஓர் இடத்தில் நிற்பதில்லை. சில வருடம் காற்றும் நீரோட்டமும் அதை மேலே தூக்கிவிடும். வெந்நீர்ப் போர்வை மெலிந்துவிடும். மீனெல்லாம் மேலே நெருக்கிக்கொண்டு வரும். அப்போது குருடன் முள் போட்டாலும் ஏறும். சில வருடம் போர்வை தடித்து, மாடி கீழே இறங்கிவிடும். மீன் அப்படியே இருக்கும். முள்தான் மேலே அந்தரத்தில் தொங்கும்.

ஒரே ஓர் எண்

இதை நான் என் மேலதிகாரிகளிடம் சொல்லாத வருடமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஓர் எண். நூறு முள்ளுக்கு எத்தனை மீன்? அந்த எண் ஏறினால் வளம் பெருகிவிட்டது. இறங்கினால் நான் சரியாக எண்ணவில்லை.

ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஒரு நாள் நிற்க இடமில்லை என்றால் ஊரில் ஜனத்தொகை பெருகிவிட்டது என்றா பொருள்? முன்னால் போக வேண்டிய பஸ் வரவில்லை என்றுதான் பொருள். எல்லாரும் இருக்கிற ஒன்றில் ஏறிக்கொண்டார்கள். மீன் நெருக்கியடித்துக்கொண்டு மேலே வந்த வருடங்களில் நான் கொடுத்த எண்ணை மேசையில் வைத்துக்கொண்டு, இன்னும் படகு கட்டலாம், இன்னும் கப்பலை விடலாம் என்று பேசினார்கள். பஸ் உதாரணத்தை ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். டீ வந்தது. தட்டில் பத்துப் பேருக்கு ஒன்பது வடை, விடுபட்டவன் நான்.

நடுக்கடலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மூங்கிலும் வலையும் சேர்த்துக் கட்டிய தெப்பங்களைப் பெரிய கப்பல்கள் மிதக்க விடுகின்றன. ஒவ்வொன்றிலும் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி. எது மிதந்தாலும் அதன் நிழலில் சூரைக் குஞ்சுகள் வந்து கூடும். அது அவற்றின் குணம். கப்பல் வந்து சுற்றி வளைத்து வலையை இறுக்கும். ஒரு தடவைகூட முட்டையிடாத மீன்கள். வளர்ந்து நம் பக்கம் வந்திருக்கக்கூடியவையும் அதில் இருக்கும். காசிமேட்டுக்காரன் பத்துப் பாகக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு அந்த மீனுக்காகக் காத்திருக்கிறான்.

ஆக, மீன் கிடைக்கவில்லை என்றால் அது கீழே இறங்கியும் இருக்கலாம், வேறு பக்கம் போயும் இருக்கலாம், குஞ்சிலேயே டப்பாவில் அடைபட்டும் இருக்கலாம். மேலே நிற்கிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான். முள் காலி.

ஒன்பது இட்லி

கன்னியம்மா முடி கொடுத்த அந்த ஆடிக்கு முன்னால், கோடைத் தடைக்காலத்தில், தணிகை திடீரென்று வந்தான். இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத காலம். ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தான். சரோஜா இட்லி வைத்தாள்.

"ஒன்பது" என்றேன்.

"எண்ணாதீங்க. புள்ளைக்கு தொண்டையில நிக்கும்" என்றாள் சரோஜா.

"எண்ணட்டும் அத்தே. சார் எண்ணலன்னாதான் எனக்கு சாப்ட மாரியே இருக்காது." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "மீனு பூட்ச்சு சார். தடைக்கு முன்ன ரெண்டு டிரிப்பு. ஐஸு தண்ணியாயி அப்டியே திரும்பி வந்தோம்."

"எங்கே போச்சு?"

"அத்தக் கேக்கத்தான உங்காண்ட வந்தேன்."

செல்போனைக் காட்டினான். செயற்கைக்கோள் படத்தை வைத்து மீன் இருக்கக்கூடிய இடத்தைச் சொல்லும் செய்தி. கடல் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. "இங்க இருக்குன்னு போட்டுக்கிறான். போனா இல்ல. இன்னும் தெக்கால போடறான். போனா அங்கயும் இல்ல. இப்டியே போயிக்கினு இருந்தா கோட்டத் தாண்டணும் சார். தாண்டினா இருக்குதுன்றானுங்க."

கோடு என்று அவன் சொன்னது நம் கடல் எல்லையை.

"இந்தப் படம் கடலோட தோலைப் பார்த்துச் சொல்றது" என்றேன். "மேலே மேயற மீனுக்குச் சரி. சூரைக்கு உள்ளே பார்க்கணும். இந்த வருஷம் மேல் தண்ணி சூடு தடிச்சுக் கிடக்கு. மீன் எங்கேயும் போகலை, இறங்கியிருக்கு. மிதவைக் கயிறு எத்தனை பாகம் விடுறே?"

"பத்து."

"உங்கப்பா காலத்திலேருந்து பத்து. எல்லாப் படகும் பத்து. யார் சொன்ன பத்து அது? இருபத்தஞ்சு விடு."

அவன் சிரித்தான். கிண்டல் இல்லை, அலுப்பு. "சார், உங்க கப்பல்ல விஞ்சு இருந்துச்சி. பொத்தான அமுக்கினா கயிறு தானா வரும். எங்குளுது கையிழுப்பு. அவ்ளோ ஆழத்துல போட்டா இழுக்கறதுக்கே நாளு பூடும். பசங்க கை கிழிஞ்சிடும். அடியிலயே செத்து ஊறின மீன ஏத்தினா ஏலத்துல மூஞ்சிய சுளிக்கறான். கால்டியில இருந்தா இன்னா, அடுத்த தேசத்துல இருந்தா இன்னா? ஏறாத மீனு மீனே இல்ல சார்."

உள்ளே சரோஜா சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. வெந்நீர்ப் போர்வையை, மாடியை, பிராணவாயுவை, எல்லாவற்றையும் சாப்பாட்டு நேரம் வரை விளக்கினேன். அவன் இரண்டு கொட்டாவி விட்டான். கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பினான்.

"இருவத்தஞ்சா?"

"இருபத்தஞ்சு."

எந்தப் பக்கம்

மொட்டை அடித்து, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கன்னியம்மா மலை ஏறினாள். அந்தப் படிகளை நான் எண்ணியதில்லை. ஊரே எண்ணி வைத்திருக்கிறது. பாதியில் எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். காவடிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"மீனு இருக்கற எடத்துக்குதான அவன் போயிருப்பான்? மீனு எங்க போவும் வரும்னு வாள்நாள் பூரா பாத்தவரு நீங்க. அது எங்க சார்? எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரிந்த எல்லாம் தொண்டை வரை வந்தது. நீரோட்டம், மழைக்காற்று, ஆற்று நீர் கலக்கும் இடம். எதிரே தெரிந்தது ரயில் தண்டவாளம், மாடி வீடுகள், ஆந்திரப் பக்கத்துக் குன்றுகள். ஒரு சொட்டுக் கடல் இல்லை. கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினேன்.

"அங்கே."

அவள் என் விரலின் நுனியைப் பார்த்தாள். பிறகு அது காட்டிய பக்கத்தை.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

தலையாட்டிக்கொண்டு ஒரு பழத்தை உரித்து எனக்குக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை.

செய்தி

ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது. உயிரோடு இருக்கிறார்கள். எல்லை தாண்டியதாக இன்னொரு நாட்டின் ரோந்துப் படகு பிடித்துவிட்டது. எந்த நாடு என்று எழுதக் கூடாது. படகு இன்னும் அங்கே வழக்கில் நிற்கிறது, பெயர் வந்தால் அதற்கு ஆகாது என்று தணிகை கேட்டுக்கொண்டிருக்கிறான். என்ன ஆகப் போகிறதோ, எழுதவில்லை.

கன்னியம்மா போனில் அழுதாள், சிரித்தாள், பசிக்குது சார் என்றாள். பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருந்தாள். மனுக்கள் எழுதிக் கொடுத்தவன் நான். ஒன்பது மனு. எதற்கும் பதில் வரவில்லை. விடுதலை வந்தபோது அது எங்கள் மனுவால் வரவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் இருவரும் வந்தார்கள். அவன் ஊர் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இளைத்திருந்தான். அங்கே தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சரோஜா இட்லி வைத்தாள். நான் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். நான்கு.

"நீங்க சொன்னாப்பல இருவத்தஞ்சு வுட்டேன் சார்" என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மொதல்ல பழைய பத்துலதான் போட்டோம். நம்ம கடல்லதான். காலி. பசங்க கோட்டத் தாண்டி போலாம்னானுங்க. இரு, அந்தக் கெழவரு ஒண்ணு சொன்னாரு, அதப் பாத்துட்டு பேசலாம்னு கயித்துக்குக் கயிறு முடிச்சுப் போட்டு நீட்டினேன். சாயந்தரம் வுட்டோம். விடிஞ்சி பாத்தா, மிதவையெல்லாம் முழுகிக் கெடக்குது."

பெரிய மீன் முள்ளில் ஏறி இழுத்தால் மிதவை நீருக்குள் போய்விடும். ஒன்று முழுகினாலே படகில் கூச்சல் போடுவார்கள்.

"எத்தனை?"

"ஏங்க, இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் சரோஜா.

"கேக்கட்டும் அத்தே. பதினேழு வரிக்கும் எண்ணினேன் சார். அப்பறம் சந்தோசத்துல வுட்டுட்டேன்." தட்டில் விரலால் கோடு போட்டான். "பத்துல போட்டிருந்தா பகல்ல இழுத்து முட்ச்சிருப்போம். இது வர்ல. அவ்ளோ கனம். ஒவ்வொரு மீனும் கண்ணுக்குட்டி. நாங்க கயித்த இழுக்கறோம், தண்ணி எங்குள இழுத்துக்கினு போவுது. கயித்த வுட்டுட்டு எஞ்சின போட்டு திரும்ப மனசு வர்ல சார். எவனுக்கு வரும்? பொழுது சாயச்சொல்ல பாத்தா படகு கோட்டுக்கு அந்தாண்ட. வந்துட்டானுங்க."

"தூண்டில்?"

"கத்தியால அறுத்து வுட்டுட்டானுங்க. பாதிகூட ஏத்தல. படகுதான அந்தாண்ட இருந்துச்சி, கயிறு நீளம்ல. மறு தல நம்ம பக்கம். அறுக்கச்சொல்லயும் அங்க மிதவ முழுகிதான் கெடந்துச்சி."

வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை வருடம் எண்ணியவன், ஒரு கூட்டத்திலும் ஒருவரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாதவன், நான் சொன்ன இடத்தில் மீன் இருந்தது.

"ஆக, மீன் இங்கேதான் இருந்தது" என்றேன்.

"ஆங். இங்கதான் இருந்துச்சி" என்றான். குரலில் கோபமே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

வந்ததுக்கு

மறுநாள் அதே மண்டபம். அதே நாவிதர். ஒலிபெருக்கி இந்த வருடம் எட்டு.

தணிகை உட்கார்ந்து தலையைக் குனிந்தான். நாவிதர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இதுல இன்னாத்த எடுக்கறது? நாத்து முளைச்சாப்புல இருக்குது."

"எடுங்க, பரவால்ல."

கத்தி போனது. விழுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீரில் சாம்பல் கரைந்தது போல ஏதோ ஓடியது. நாவிதர் சுற்றிலும் பார்த்தார். முடி விழாத மொட்டையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தணிகை எழுந்திருக்காமல் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் தவிர ஆடி தவறாமல் கொடுத்தவன்.

கன்னியம்மா அவன் தோளைத் தட்டி எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். போன வருட மொட்டைக்குப் பிறகு அவளுக்கு முடி ஒரு சாண்கூட வளரவில்லை. கழுத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இப்போது முழு வெள்ளை.

"எங்கிட்ட எடு."

"போன வருசம்தானம்மா குடுத்தீங்க?" அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அது போனதுக்கு. இது வந்ததுக்கு. எடு."

கயிறு

கீழே டீக்கடையில் நின்றோம். மூன்று டீ, எனக்குச் சர்க்கரை இல்லாமல். கூட்டத்தை வரிசையில் நிறுத்த ஓரமாகக் கம்பம் நட்டு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். தணிகை அதில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அடுத்த வாரம் போறேன் சார்" என்றான். "நம்ம படகு இல்ல. வேற ஒருத்தருது. டிரைவரா கூப்டுறாரு."

கன்னியம்மா டீயை ஊதினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"எந்தப் பக்கம்?"

"மீனு இருக்கற பக்கம்." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கயிறு எத்தினி பாகம் வுடட்டும்?" என்றான்.

இந்தக் கேள்வியை யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று வேலையில் இருந்த காலமெல்லாம் காத்திருந்தவன் நான். ஆனால் இந்த வருடம் வேறு வருடம். கோடையில் ஒரு புயல் கடலைக் கலக்கிவிட்டுப் போயிருந்தது. போர்வை கிழிந்ததா, தடித்ததா, மாடி எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு வெப்பமானியாவது நீருக்குள் இறங்கியிருக்க வேண்டும். என்னிடம் கப்பல் இல்லை. இருப்பது வாசல் முழுக்க ஒலிபெருக்கி கேட்கும் ஒரு வீடு.

"தெரியாது" என்றேன்.

அவன் காத்திருந்தான். நான் பிகு பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "சும்மா ஒரு நெம்பர் சொல்லுங்க சார்."

"தெரியலைடா. நெஜமா தெரியலை."

கன்னியம்மா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். தலையில் சந்தனம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"இந்தத் தெரியாதுன்றத போன வருசமே சொல்லியிருந்தா இன்னா சார்?"

போன வருடம் எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மீன் அங்கேதான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

தணிகை எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சாய்ந்திருந்த நைலான் கயிற்றைப் பிடித்து இரண்டு கைகளையும் அகல விரித்தான். ஒரு பாகம். கையை மாற்றிப் பிடித்து நகர்ந்து மறுபடியும் விரித்தான். காவடி எடுத்தவர்கள் அவன் கைக்குக் கீழே குனிந்து போனார்கள். யாரோ திட்டினார்கள். அவன் கயிற்றோடு நகர்ந்துகொண்டே போனான்.

பத்து வரை எண்ணினேன். அதற்கு மேலும் கை விரிந்தது. அதை நான் எண்ணவில்லை.